காப்பர்-டி போட்டால் வலிக்குமா?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார், "அக்கா, காப்பர்-டி போட்டா உயிரே போயிடுமாமே?" இந்தப் பயத்தாலேயே ஒரு வருஷமாகத் தள்ளிப் போடுகிறாராம். பக்கத்தில் இருந்தவரோ, "எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை.

போடும்போது முதலில் கர்ப்பப்பை வாயை ஒரு கருவியால் பிடித்துக்கொள்வார்கள். சுருக்கென்று கிள்ளியது போல இருக்கும். பிறகு மெல்லிய கம்பியால் கர்ப்பப்பையின் ஆழத்தை அளப்பார்கள். அதன் பிறகே காப்பர்-டி உள்ளே போகும். அப்போது அடிவயிறு மாதவிலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும். எல்லாம் சில நிமிஷம்தான். சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பொதுவாக வலி குறைவு. சிசேரியன் மட்டும் ஆனவர்களுக்கும், பிள்ளை பெறாதவர்களுக்கும் கூடுதலாக இருக்கலாம்.

எனக்குப் போட்ட இடத்தில், "ரெண்டு பெத்தவதானே, இதுக்குப் போய் கத்துறியே"ன்னு அதட்டினாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். கேட்டிருக்கலாம்னு இப்பத்தான் தெரியுது.

என்ன கேட்கலாம்? ஐபுபுரூஃபன் மாத்திரை, போட்ட பிறகு வரும் வயிற்று வலிக்கு நன்றாகக் கேட்கும். போடும் நேரத்து வலியை அது அவ்வளவாகக் குறைக்காது. அல்சர், ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. போடும் நேரத்து வலிக்கு மரத்துப்போகும் மருந்து உண்டு; பல் பிடுங்கும்போது போடுவார்களே, அந்த வகை. கர்ப்பப்பை வாய்ப் பக்கத்தில் ஊசியாகவோ மேலே தடவியோ கொடுக்கலாம். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த மருந்து உதவலாம் என்றும், வலியைப் பற்றிப் பெண்ணிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நம்ம ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனாலும் படுக்கையில் ஏறும் முன்பே, "வலிக்கு என்ன கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். தாங்க முடியாவிட்டால், "நிறுத்துங்க சிஸ்டர்" என்று சொல்லலாம். அது உங்கள் உரிமை.

போட்டவுடன் எழுந்து ஓடாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும். கொஞ்ச நேரம் படுத்திருங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

சில நாள் லேசான வலி, ரத்தக்கசிவு சகஜம். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். நூலைப் பிடித்து இழுப்பதுதான் வேலை. பெரும்பாலும் போடும்போது இருந்த வலிகூட இருக்காது.