ஆண்டுக்கு எத்தனை நாள் ஆட்டம்?

திருப்பதிக்கு அருகே சந்திரகிரிக் கோட்டையிலுள்ள ராஜமகாலில் மரத்தைத் தேடினால் கிடைக்காது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே விஜயநகரக் காலத்துக் கொத்தர்கள் மூன்று அடுக்கையும் எழுப்பிவிட்டார்கள். அரசு மறைந்த பிறகும் மாளிகைக்கு வேலை இருக்கிறது. இன்று அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அந்தச் செங்கல்லைச் சுட எரித்த விறகு, நூற்றாண்டுகள் கழித்தும் ஊருக்குப் பலன் தந்துகொண்டிருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு இசைந்த விளையாட்டு அரங்கம் எது என்ற கேள்விக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும் என்பது என் வாதம். கூரைமேல் எத்தனை சோலார் தகடு என்று எண்ணுவதற்கு முன்னால், அந்தக் கட்டடம் ஆண்டில் எத்தனை நாள், எத்தனை பேருக்கு, எத்தனை தலைமுறைக்குப் பயன்படும் என்று கேட்க வேண்டும்.

காரணம் எளிது. அரங்கம் என்றாலே கான்கிரீட்டும் எஃகும்தான். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. முதல் பந்து வீசப்படும் முன்பே பெருங்கடன் ஏறிவிடுகிறது. பிறகு விளக்கை மாற்றுவதும் குழாய் நீரைச் சிக்கனப்படுத்துவதும் வட்டியைக் குறைக்கும், அசலைத் தொடாது. பிரேசிலின் மனாஸ் நகரில் 2014 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக, அமேசான் காட்டுக்கு நடுவே, 40,000க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஓர் அரங்கம் எழுந்தது. அதற்கான எஃகு போர்ச்சுகலிலிருந்து கப்பலில் வந்தது. பசுமைக் கட்டடச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை நான்கே ஆட்டங்கள். அதன் பிறகு உள்ளூர் அணிகளின் ரசிகர்களைக் கொண்டு அத்தனை இருக்கையையும் நிரப்ப வழியில்லை. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்ட சான்றிதழ், அது அந்த ஊருக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

இதற்கு மாறான பாதையைச் சென்னை சேப்பாக்கத்தில் காணலாம். 1916 முதல் அதே மண்ணில் ஆட்டம் நடக்கிறது. 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு முன் புதுப்பித்தபோது, புறநகரில் புது நிலம் தேடாமல் இருந்த இடத்திலேயே கேலரிகளை மாற்றிக் கட்டினார்கள். பார்வையை மறைத்த பழைய தூண்கள் போயின. எஃகு வடங்களில் இழுத்துக் கட்டிய வெண்படலக் கூரை வந்தது. எடை குறைவு, பகல் வெளிச்சமும் உள்ளே வரும். கேலரிகளுக்கு இடையே விட்ட வழியில் கடற்காற்று புகுகிறது. அதே புதுப்பிப்பில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள், சுமார் 12,000 இருக்கைகள், கட்டட அனுமதிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. ஆளில்லாத கேலரியும் ஆள் நிறைந்த கேலரியும் தின்ற சிமென்ட் ஒன்றுதான்.

அடுத்தது தண்ணீர். 2016 வறட்சியின்போது, ஏப்ரல் 30க்குப் பிந்தைய ஐபிஎல் ஆட்டங்களை மகாராஷ்டிரத்துக்கு வெளியே நடத்துமாறு மும்பை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குடிநீருக்குத் தவிக்கும் மக்கள் முன் பச்சைப் புல்தரை நியாயம் சொல்ல முடியாமல் நின்ற தருணம் அது. 2024இல் பெங்களூரு வறண்டபோது, சின்னசாமி அரங்கின் புல்தரைக்குக் கப்பன் பூங்கா சுத்திகரிப்பு நிலையத்தின் மறுசுழற்சி நீர் உதவியது. திருப்பதி வட்டாரத்தின் நிலை இன்னும் கடினம். கோடையில் தட்டுப்பாடு, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம். 2021 நவம்பரில் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. ராயல செருவு ஏரியின் கரை கசிந்து சுற்றுக் கிராமங்கள் அஞ்சி நின்றன. இங்கே அரங்கத்தின் கூரை ஒரு சிற்றேரியின் நீர்ப்பிடிப்பாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரை 10,000 சதுர மீட்டர், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர், அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபடுகிறது என்றால் 72 லட்சம் லிட்டர். 15,000 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளுக்கு 60,000 லிட்டர் என்றால் 120 நாள் தாங்கும். ஆவியாகியும் கசிந்தும் பாதி போனாலும் இரண்டு மாதம் ஓடும். மீதியைச் சுத்திகரித்த கழிவுநீர் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, போக்குவரத்து. 2022 கத்தார் உலகக் கோப்பையின் உமிழ்வு சுமார் 36 லட்சம் டன் என்று ஃபிஃபாவே மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் பயணத்தால் வந்தது. எனவே எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதே பாதி வடிவமைப்பு. நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வந்துபோகும் திருப்பதியில், ஆட்ட நாளில் இன்னொரு கூட்டத்தைக் காரில் வரச்சொல்வது நகரத்தையே அடைத்துவிடும். சந்திரகிரி நிலையம் திருப்பதி–காட்பாடி ரயில் பாதையில் இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கி நடந்துபோகும் தூரத்தில் அமையும் எளிய மைதானம், நெடுஞ்சாலையோரம் கார் நிறுத்த ஏக்கர் கணக்கில் தார் போட்ட மாளிகையைவிடப் பசுமையானது.

பெரிய ஆட்டம் வந்தால்தானே ஊருக்கு வருமானம், சிறிய அரங்கத்தை யார் மதிப்பார்கள் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். கல்யாணக் கூட்டத்தை எண்ணி யாரும் வீட்டைப் பெரிதாகக் கட்டுவதில்லை. வாசலில் பந்தல் போடுகிறோம். 2012 லண்டன் ஒலிம்பிக் அரங்கத்தின் 80,000 இருக்கைகளில் 25,000 மட்டுமே நிரந்தரமாகத் திட்டமிடப்பட்டன. ஆனால் போட்டி முடிந்தபின் அது எதற்கு என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யாததால், கால்பந்துக்கு ஏற்ப மாற்ற 30 கோடி பவுண்டுக்கும் மேல் ஆனது. தற்காலிக இருக்கை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முடிவை முதலில் எடுக்க வேண்டும் என்பதே பாடம். சோலார் போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2015இல் சின்னசாமி கூரையில் 400 கிலோவாட் சோலார் அமைப்பு வந்தது. அதை வரவேற்கிறேன். தகடு நாள்தோறும் மின்சாரம் தரும். அதன் கீழுள்ள கேலரியும் நாள்தோறும் பயன்பட வேண்டும். ஏழை மாவட்டத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்றால், குறைவாகக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு.

ஆகவே புதிய அரங்கம் கேட்கும் எந்த ஊரும், கட்டடக் கலைஞரின் வரைபடத்தைப் பார்க்கும் முன் ஒரு நாட்காட்டியை மேசைமேல் விரிக்கட்டும். மாநிலப் போட்டி எந்த நாட்களில், கல்லூரி ஆட்டம் எந்த நாட்களில், காலையில் ஓடப்போகும் பள்ளிப் பிள்ளைகள் யார், மாலையில் நடக்க வரும் முதியவர்களுக்குக் கதவு திறக்குமா என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பட்டும். முந்நூறு கட்டம் நிரம்பினால் அஸ்திவாரம் தோண்டலாம். இருபதோடு நின்றுவிட்டால், இருக்கும் மைதானத்தில் நாலு வரிசை மரம் நட்டுப் பந்தலுக்கு இடம் விடுவதே அந்த ஊருக்கு ஏற்ற அரங்கம்.