இடியாப்ப அச்சும் எரிபொருள் பம்பும்

பழவேற்காட்டில், லைட் ஹவுஸ் குப்பம் பக்கமோ கூனங்குப்பம் பக்கமோ கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகின் பின்பக்கத்தைப் பாருங்கள். வால் மாதிரி நீளமாக ஒரு தண்டு, அதன் நுனியில் விசிறி, இந்தப் பக்கம் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். பத்து ஹெச்.பி. அளவில் இருக்கும். இன்ஜின் உடம்பில் செருகியிருக்கும் சின்ன இரும்புப் பொருள் ஒன்றிலிருந்து பென்சில் கனத்தில் ஓர் எஃகுக் குழாய் கிளம்பி நாசிலுக்குப் போகிறது. அந்த இரும்புப் பொருள்தான் டீசல் பம்பு.

வேகத்துக்காகத் தயார் செய்யும் காருக்கு எந்தப் பம்பு வாங்குவது என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் படகில் ஆரம்பித்தால் கணக்கு சுலபம். முதலில் அளவைப் பார்ப்போம். இப்படி ஒரு இன்ஜின் முழு பலத்தில் ஓடினால் மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம் விநாடிக்கு 25 தடவை டீசல் தூவப்படுகிறது. வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு விழுவது அரைச் சொட்டு.

அடுத்து அழுத்தம். சிலிண்டருக்குள் காற்று ஏற்கெனவே நசுங்கிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் டீசல் பனிப்புகை மாதிரி சிதற வேண்டுமானால், நாசில் வாய் திறக்கவே ஏறத்தாழ 200 பார் தேவை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான். ஆக, இந்தக் குட்டி பம்பு ஊற்றுவது கொஞ்சம், தள்ளுவது பலமாக.

எவ்வளவு ஊற்றும்? எதை எதிர்த்துத் தள்ளும்? எந்த இன்ஜினுக்குப் பம்பு பார்த்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சில் இருக்கும் மாவு எரிபொருள். அழுத்துகிற கை பம்பு. அடியில் இருக்கும் துளைத் தட்டு இன்ஜெக்டர். கை ஒன்றே, மாவும் ஒன்றே. ஆனால் முறுக்குத் தட்டைப் போட்டால் மாவு மளமளவென்று இறங்கும்; இடியாப்பத் தட்டைப் போட்டால் தோள்பட்டை வலிக்க வலிக்க நூல் நூலாகத்தான் வரும். இப்போது, அச்சின் அடியில் ஒரு குறும்புக்காரப் பையன் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி அழுத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதே கையால் பிழிந்தால் வரும் மாவு இன்னும் குறையும். டர்போ வைத்த காரில் நடப்பது அப்படியே இதுதான். அதற்குப் போகும் முன் சோழவரத்தில் ஒரு நிமிடம் நிற்போம்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாகச் சென்னைக்குத் திரும்புகிற பாதையில்தான் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது அந்த ஓடுதளத்தில்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்த பிறகு பந்தயம் இடம் மாறியது. சோழவரத்தில் சீறிய கார்கள் கார்புரேட்டர் காலத்தவை. கார்புரேட்டருக்குக் கால் பார் அளவு அழுத்தம் போதும், ஏனென்றால் பெட்ரோலை உள்ளே இழுப்பது இன்ஜினின் உறிஞ்சல். பம்பின் வேலை சின்னக் கிண்ணத்தை நிரப்பி வைப்பது மட்டும். அங்கே அதிக அழுத்தம் கொடுத்தால், கிண்ணத்தை மூட வேண்டிய மிதவை ஊசி தோற்றுப்போய் பெட்ரோல் வழிந்து ஓடும். பழைய காரை நேசித்து வைத்திருப்பவர்கள், புதுக் காரின் பம்பை அதில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

இன்றைய பெட்ரோல் காருக்கு வருவோம். முதலில் டேங்கின் அடியில் ஒரு வலைப்பை, மாவு சலிக்கும் சல்லடை போல. அதன் மேலே மின்மோட்டாரும் பம்பும் ஒரே உருளைக்குள் இருக்கும், பெட்ரோலில் மூழ்கியபடி. அந்தப் பெட்ரோல்தான் மோட்டாரைக் குளிரவும் வைக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் கருகுவதற்குக் காரணம் இதுதான். பிறகு ஃபில்டர், அதன் பிறகு இன்ஜெக்டர்கள். இன்ஜெக்டர்களுக்குப் பின்னால் எப்போதும் மூன்று பார் போல அழுத்தம் நிற்க வேண்டும். அதைக் காவல் காப்பது ரெகுலேட்டர். மிஞ்சுகிற பெட்ரோலை அது டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும்.

சாதாரணக் காரில் இன்ஜெக்டரின் அந்தப் பக்கம் எதிர்ப்பு ஏதும் இல்லை. டர்போ போட்டால், குறும்புப் பையன் கை வைத்துவிடுகிறான். டர்போ 1.5 பார் காற்றைத் திணிக்கிறது என்றால் அந்த 1.5 பாரும் பெட்ரோலைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே ரெகுலேட்டர் தானும் அதே அளவு ஏறிக்கொடுக்கும். மூன்றும் ஒன்றரையும் நாலரை. உங்கள் பம்பு நாலரை பாரில் எவ்வளவு ஊற்றும் என்பதுதான் இனிக் கேள்வி.

கணக்கைப் போட்டுவிடலாம். 200 ஹெச்.பி. தரும் டர்போ பெட்ரோல் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். முழு ஆக்சிலரேட்டரில் ஒரு ஹெச்.பி.க்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் என்பது கைக்கணக்கு. அப்படியென்றால் 54 கிலோ. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, ஆகவே லிட்டரில் 73 வரும். அடுத்து, நம் ஊர் பங்குகளில் இப்போது கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சூடு குறைவு. அதே பலத்துக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 79 ஆயிற்று. பம்பு தேயும், ஃபில்டர் அடைக்கும், வெயில் ஏறும். அதற்கெல்லாம் கால் பங்கு கையிருப்பு சேர்த்தால் நூறு லிட்டரை ஒட்டி வந்து நிற்கும். ஆக, கடையில் கேட்க வேண்டியது: நாலரை பாரில் மணிக்கு நூறு லிட்டர்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அந்த எண் பெரும்பாலும் மூன்று பார் அருகில், அதுவும் 13.5 வோல்ட்டில் அளந்தது. அழுத்தம் ஏற ஏற ஊற்றும் அளவு இறங்கும். அந்த இறக்கத்தைக் காட்டும் கோட்டுப்படத்தை நல்ல தயாரிப்பாளர்கள் தருவார்கள். அது இல்லாத பம்பை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் தொட மாட்டேன்.

வோல்ட்டேஜும் முக்கியம். பழைய மெல்லிய ஒயர், பச்சை பூத்த கனெக்டர் வழியாக மின்சாரம் வந்தால் பம்புக்குச் சேர்வது பதினொன்றோ பன்னிரண்டோதான். காலையில் சாப்பிடாத கை இடியாப்பம் பிழிகிற கதை. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் வண்டி நிற்கிறது என்றால் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ், ஒரு ரிலே, நல்ல எர்த். இவ்வளவு செய்தாலே பல கார்களில் பழைய பம்பு புதுசு மாதிரி ஊற்ற ஆரம்பிக்கும்.

அப்படியானால் 255 லிட்டர் பம்பு ஒன்றை மாட்டிவிட்டால் கவலை விட்டது அல்லவா? பலரும் அந்த எண்ணைச் சொல்லியே கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் நூறு லிட்டர் போதுமான இடத்தில் மிச்சமெல்லாம் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பியாக வேண்டும். திரும்பு குழாய் சிறியது என்றால் ஐடிலில் அழுத்தம் ஏறும், புகைபோக்கி கரியாகும். சுற்றிச் சுற்றி வரும் பெட்ரோல் சூடாகி, சித்திரை வெயிலில் டேங்கே கொதிக்கத் தொடங்கும். குறைந்தால் வரும் கேடு இதைவிட மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று நிறைய, பெட்ரோல் கொஞ்சம் என்றால் கலவை வறண்டு, இன்ஜின் நாக்கிங் அடித்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அதற்கு ஒரு சில விநாடிகள் போதும்.

இதே கேள்வியின் உச்சம் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் இன்ஜின். எரிபொருளும் ஆக்ஸிஜனேற்றியும் சேர்ந்து ஏறத்தாழ 40 டன். இரண்டரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். விநாடிக்குக் கால் டன்னுக்கு மேல், ஐம்பது பாரைத் தாண்டிய அறை அழுத்தத்தை எதிர்த்து! எந்த பேட்டரியும் அதற்குக் கட்டாது. அதே திரவத்தில் கொஞ்சத்தை எரித்து, வரும் வாயுவால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதன் பலத்தில் பம்பை ஓட்டுகிறார்கள்.

படகுக்குத் திரும்புவோம், ஏனென்றால் பந்தயக்காரர்களை வாட்டும் ஒரு சிக்கலைப் படகுக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். மணல் மூடிக் குறுகிய முகத்துவாரத்தில் அலை படகைத் தூக்கிச் சாய்க்கும்போது, டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் அது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். குழாய் வாய் காற்றை உறிஞ்சும். டீசல் பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் அது டீசலுக்குப் பதில் காற்றை நசுக்கிக்கொண்டிருக்குமே தவிர நாசில் திறக்காது. இன்ஜின் நின்றுவிடும், நிற்கக் கூடாத இடத்தில். பிறகு ஸ்பானரால் குழாயின் நட்டைத் தளர்த்தி, நுரை போய் வெறும் டீசல் வரும் வரை ஏர் எடுக்க வேண்டும்.

வளைவில் வேகமாகத் திரும்பும் காரின் டேங்கிலும் பெட்ரோல் இப்படித்தான் ஒதுங்குகிறது. ஆகவே பந்தயக் காரில் நடுவே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிடிக்கும் சின்ன டப்பா வைப்பார்கள். சிறிய பம்பு ஒன்று டேங்கிலிருந்து அதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும். பெரிய பம்பு அந்த டப்பாவிலிருந்து மட்டும் குடிக்கும். பழைய காருக்குப் பம்பு வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: உள்ளிருக்கும் ரப்பர், குழாய் எல்லாம் எத்தனாலைத் தாங்குமா? தாங்காதது ஊறிப்போய்த் துணுக்காகப் பிய்ந்து ஃபில்டரை அடைக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஏரிக்கரையில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது.

மாட்டியாயிற்று என்றால், எரிபொருள் குழாயில் ஒரு அழுத்தமானியைப் பொருத்தி, பொதுச் சாலையில் அல்ல, இன்ஜின் பலத்தை அளக்கும் டைனோவில் ஏற்றி முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். டர்போ முழுதாக ஊதும்போது முள் நாலரையில் நிற்க வேண்டும். நாலுக்கு இறங்கினால் உடனே காலை எடுத்துவிட்டு, முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு பம்பின் முனையிலேயே வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் முள் இறங்கினால் மட்டும் அடுத்த அளவு பம்புக்குப் பணத்தை எடுங்கள்.