உங்களுக்குத் தெரியுமா? 46 ஆண்டுகள் ஓடிய ஒரு பத்தி

நாளிதழில் ஒரு பத்தி நாலைந்து வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். கல்கத்தாவிலிருந்து வந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆங்கில நாளிதழில், காட்டுயிர் பற்றிய ஒரு பத்தியை 1950 முதல் 1996 வரை எழுதியவர் ஒரு தமிழர்: மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகன்.

சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி என்று பல வேலை பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே பிழைத்தார். (அந்தத் துணிச்சல் இன்றும் பலருக்கு வராது!) யானையை மட்டுமல்ல, வீட்டுப் பக்கம் வரும் காகத்தையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார், படமும் தானே வரைந்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைதான். அந்நிய அலங்கார மரங்களை நடுவதைக் கண்டாலே அவருக்குக் கோபம் வரும். 1970இல் பத்மஸ்ரீ. கடைசிப் பத்தி அச்சான 18.2.1996 அன்றே காலமானார்.

நம் கடலூர் மாவட்டச் சேத்தியாத்தோப்பில் இப்படி ஒரு பத்தி எழுத ஒருவர் உட்கார்ந்தால் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளாற்று அணைக்கட்டு, வீராணம் ஏரி, நெய்வேலிச் சுரங்கம், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை எல்லாம் இதே மாவட்டத்தில். வீராணத்துப் பறவைகளைப் பார்க்கும் மாணவர்களே, பார்த்ததைத் தேதி போட்டு எழுதி உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.