வெடிப்பைத் தாங்குவது மரமா, திருகாணியா?

மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பின் பழைய பதிப்பு 2028 மார்ச் இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டு, அதில் இடம்பெறாதிருந்த சி.எல்.டி. பாளங்களையும் (பலகைகளை அடுக்குக்கு அடுக்கு திசைமாற்றி அடுக்கிப் பசையிட்டு அழுத்தியவை) உள்ளடக்கிய புதிய பதிப்பு அதனிடத்துக்கு வரவிருப்பதால், இத்தகைய பாளங்களால் எழும் பலமாடிக் கட்டடங்கள் இனி வெடிப்பையும் தாங்கிவிடுமா என்று கேட்கும் வாசகர் கடிதங்கள் பெருகியுள்ளன. அப்படியொரு உறுதியைப் புதிய பதிப்பு தரவில்லை. எரிவாயு வெடிப்பு போன்ற விபத்துச் சுமைகளைப் பேசும் தொகுதி வேறு, அதன் கணக்குக்கு மூலமாக நிற்பது லண்டனின் ஒரு கான்கிரீட் கட்டடம்.

1968 மே 16 அன்று, 22 மாடிகள் கொண்ட ரோனன் பாயிண்ட் குடியிருப்பின் 18-ஆம் மாடிச் சமையலறையில் கசிந்திருந்த எரிவாயு வெடித்து, சுமைதாங்கும் பக்கச்சுவரை வெளியே தள்ளியபோது, பிடிமானம் இழந்த மேல்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்ததில் நான்கு பேர் இறந்தனர். அதன் பிறகே, ஒரு சுவரை நீக்கினாலும் கட்டடம் நிற்க வேண்டும், நிற்காதென்றால் அந்தச் சுவர் சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ மூன்றரை டன் பாரத்துக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்ற விதி பிறந்தது. சரிவே கூடாது என்று அவ்விதி சொல்வதாக எண்ணிவிடக் கூடாது: இங்கிலாந்தின் வழிகாட்டி ஒரு தளப்பரப்பில் 15 சதவீதம் அல்லது 100 சதுர மீட்டர், இவற்றில் குறைந்த அளவுவரை இடிவதை ஏற்றுக்கொள்கிறது.

'தாங்கியது' என்ற சொல்லையும் இதே எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். அமெரிக்காவின் டின்டால் விமானப்படைத் தளத்தில் 2016-இல் மூன்று இரண்டுமாடிச் சி.எல்.டி. கட்டமைப்புகளுக்கு எதிரே சுமார் 14.5, 30, 90 கிலோ டி.என்.டி. அளவில் வெடிக்கச் செய்தபோது, முதல் இரண்டு வெடிப்புகளில் பாளங்கள் வளைந்து மீண்டன, மூன்றாவதில் சில பாளங்கள் முறிந்தும் கட்டமைப்புகள் நின்றன. மரத்தொழில் சார்ந்த அமைப்புகள் இதை வெற்றியாக முன்வைப்பதில் தவறில்லை. ஆயினும் அது வெளியிலிருந்து சில மில்லிவினாடிகளுக்கு அறையும் குண்டுவெடிப்பு, சமையலறைக்குள் எரிவாயு எழுப்பும் நீடித்த அழுத்தமோ தன்மையில் வேறு.

இவ்விவாதத்தில் உண்மையில் கவனிக்கத்தக்கது பாளம் அன்று, பாளத்தைப் பிடித்திருக்கும் திருகாணிதான். மரம் வளையும்போது இழுபடும் பக்கத்து நார்கள் முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும். உள்வாங்கிய ஆற்றலைச் செலவிட அதற்குத் தனியே வழியில்லை. எஃகோ முறியாமல் மடங்கும் இயல்புடையது என்பதால், இரும்புத் தகடும் பாளமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய திருகாணி வளைய, அதைச் சுற்றியுள்ள நார்கள் நசுங்கி வட்டத்துளை நீள்வட்டமாக, வெடிப்பின் ஆற்றல் அந்தச் சில மில்லிமீட்டர் நகர்வில் கரைகிறது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் வெடிப்பலையைப் போலச்செய்யும் அதிர்ச்சிக் குழாயைக் கொண்டு செய்யப்படும் ஆய்வுகள் இத்தகைய இணைப்புகளையும் சோதித்துள்ளன. பாளம் முறியும் முன் இணைப்பு வளைந்துகொடுக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு, இணைப்பே கடைசிவரை அசையாமல் நிற்க வேண்டும் என்ற வழக்கமான வெடிப்புக்காப்பு வடிவமைப்பைத் தலைகீழாக்கும் நுட்பமான யோசனை.

கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. திருகாணி தேவைக்கு மேல் தடித்திருந்தாலோ, பலகையின் விளிம்புக்கு மிக அருகில் முடுக்கப்பட்டிருந்தாலோ, அது வளையும் முன்பே மரம் நாரோடு பிளந்துவிடும். உட்பூச்சுப் பலகைகள் மூடிய பின் இக்குறையை எவராலும் பார்க்க முடியாது. ரோனன் பாயிண்டை 1986-இல் பிரித்தெடுத்தபோது வெளிப்பட்டதும் சுவர் இணைப்புகளில் நடந்திருந்த அரைகுறை வேலைதான். 2009-இல் லண்டன் ஹேக்னியில் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பதுமாடி மர்ரே குரோவ் கட்டடம், எந்த ஒரு பாளத்தை நீக்கினாலும் மற்றவை சுமையைப் பகிரும்படி வடிவமைக்கப்பட்டது; அந்தப் பகிர்வும் இணைப்புகள் வழியாகவே நடந்தாக வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகளே போதும். கான்கிரீட்டைவிட மரம் பலவீனமா? எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருப்பதால் அதே தாக்குக்கு அது வேகமாக நகரும். வெடிப்பலை கடந்தபின் ஆபத்து முடிந்ததா? உள்ளே வளைந்த பாளம் வெளிநோக்கி மீளும்போது திருகாணிகளைப் பிடுங்கக்கூடும். தீ? கருகிய மேற்பரப்பு உள்மரத்தைக் காக்கும் என்ற கணக்கு பிளவுபட்ட பாளத்துக்குப் பொருந்தாது. கண்ணாடி? எந்தக் கட்டடத்திலும் காயங்களில் பெரும்பங்கு அதனால்தான்.

ஆகவே இத்தகைய வீட்டை வாங்கவோ அதற்கு ஒப்புதல் தரவோ இருப்பவர்கள், 'வெடிப்பைத் தாங்கும்' என்ற சான்றிதழோடு நின்றுவிடாமல், இணைப்புகளின் வரைபடத்தையும் உட்பூச்சு மூடப்படும் முன் அவை சோதிக்கப்பட்டதற்கான பதிவையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.