895-ல் ஏழு பேர்!

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரிலே, ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டி, பத்து மாடிக் கட்டடம் ஒன்றிலே ஒரு பள்ளிக்கூடம் நடைபெற்று வருகிறது. ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி என்பது அதன் பெயர். சீமான்கள் தம் பிள்ளைகளுக்காக நடத்தும் பள்ளியல்ல அது. மாநகரத்தின் பொதுப் பள்ளி. கட்டணம் ஒரு காசு கிடையாது. மூட்டை சுமப்பவர் மகனும் படிக்கலாம், முதலாளி மகனும் படிக்கலாம். அங்கே படித்தோரில் நால்வர் நோபல் பரிசு பெற்றிருக்கின்றனர். நால்வரில் ஒருவர் ரோல்ட் ஹாஃப்மன். இட்லரின் கொலைக்களத்துக்குத் தப்பிப் பிழைத்த யூதச் சிறுவராக 1949-ஆம் ஆண்டு நியூயார்க் வந்து சேர்ந்தவர். கையிலே பொருள் இல்லை, நாவிலே ஆங்கிலம் இல்லை. அந்தச் சிறுவரை அந்தப் பள்ளி ஏற்றுக்கொண்டது. 1981-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஏணியாக நிற்கும் பள்ளி என்று அந்நகரத்து மக்கள் அதைப் போற்றுவதிலே வியப்பில்லை. நாமும் போற்றுவோம். ஆனால், தோழர்களே, கணக்கை ஒருமுறை பாருங்கள்.

2019-ஆம் ஆண்டு அந்தப் பள்ளியிலே சேர 895 பேருக்கு இடம் தரப்பட்டது. அவர்களில் ஆசிய வழியினர் 587 பேர். வெள்ளையர் 194 பேர். லத்தீன் அமெரிக்க வழியினர் 33 பேர். கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? ஏழு பேர்! எழுபது அல்ல, ஏழு! நகரத்துப் பொதுப் பள்ளிகளிலே படிப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தாரும் லத்தீன் வழியினரும் என்பதை மனத்திலே வைத்துக்கொண்டு இந்த ஏழை எண்ணுங்கள். ஏதோ ஓர் ஆண்டு தவறி நடந்ததோ என்று ஐயுறுவோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 2023-ஆம் ஆண்டு இடம் பெற்றோர் 762 பேர், கறுப்பினத்தார் மீண்டும் ஏழு பேர்.

இது எப்படி நேர்ந்தது? ஒரே ஒரு தேர்வு! ஸ்டைவசன்ட் போன்ற தனிச்சிறப்புப் பள்ளிகள் எட்டு. எட்டுக்கும் ஒரே தேர்வு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மணி நேரம், ஆங்கிலத்திலும் கணக்கிலும் விடை எழுத வேண்டும். எட்டு ஆண்டுகள் வகுப்பிலே வாங்கிய மதிப்பெண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. ஆசிரியர் சொல்லும் சொல்லுக்கும் இடமில்லை. அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தாலும், முதல் நாள் இரவு வீட்டிலே துக்கம் நேர்ந்திருந்தாலும், அந்த மூன்று மணி நேரமே தலையெழுத்து. 2019-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்காக 27,500 பேருக்கு மேல் எழுதினர்; எட்டுப் பள்ளிகளிலும் சேர்த்து இடம் கிடைத்தது 4,800 பேருக்கும் சற்றுக் குறைவு.

'தகுதி', 'திறமை' என்ற இரு சொற்களை இத்தேர்வின் காவலர்கள் ஓயாமல் உச்சரிக்கிறார்கள். அச்சொற்கள் நம் செவிக்குப் புதியனவா என்ன?

ஆயினும், இதைப் படித்த உடனேயே, 'ஆகா, ஆசியர்கள் அத்தனை இடத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார்களே!' என்று ஒருவர் கோபப்படுவாரானால், அவரை நாம் சற்றுக் கையமர்த்துவோம். அங்கேதான் இந்த வழக்கின் முடிச்சு இருக்கிறது.

யார் அந்த ஆசியர்?

நியூயார்க்கிலே சீனத்திலிருந்து வந்து உணவு விடுதிகளிலே பாத்திரம் கழுவுவோர் இருக்கிறார்கள். தையற்கூடங்களிலே முதுகு வளைய உழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வங்கதேசத்திலிருந்து வந்து வாடகைக் கார் ஓட்டுவோர் இருக்கிறார்கள். மாநகரத்தின் வறுமைக் கணக்கிலே ஆசிய வழியினர் முன்வரிசையிலே நின்றார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியிலே நின்று ஈட்டிய கூலியிலே ஒரு பகுதியை எடுத்து, ஃப்ளஷிங்கிலும் சன்செட் பார்க்கிலும் உள்ள தனிப்பயிற்சிக் கூடங்களிலே மகளைச் சேர்க்கிறார் அந்தத் தகப்பன். சனியும் ஞாயிறும் வகுப்பு, கோடை விடுமுறையிலும் வகுப்பு, இப்படி ஓர் ஆண்டல்ல, இரண்டு மூன்று ஆண்டுகள். ஆயிரக்கணக்கான டாலர் கரைகிறது.

அவருக்கு ஆங்கிலம் வராது. மகளின் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசத் தெரியாது. பெரிய மனிதர் யாரிடமும் சிபாரிசுக் கடிதம் வாங்க வழியில்லை. அவருக்குப் புரிந்த ஒரே நியாயம் இதுதான்: விடைத்தாளிலே பெயர் பார்க்க மாட்டார்கள், நிறம் பார்க்க மாட்டார்கள், தகப்பன் தொழில் பார்க்க மாட்டார்கள். நேர்காணல் என்று வைத்தால் நாகரிகமாகப் பேசத் தெரிந்த பணக்காரப் பிள்ளை முந்திக்கொள்ளும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் பொய்யென்று யார் சொல்ல முடியும்? நாம் சொல்ல மாட்டோம்.

இனி மறுபக்கம் திரும்புவோம். பிராங்க்ஸ் வட்டாரத்திலே ஒரு கறுப்பினத் தாய். மருத்துவமனையிலே தரை துடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் வகுப்பிலே முதல் மாணவன். ஆனால் அப்படியொரு தேர்வு இருக்கிறது என்று அந்தப் பள்ளியிலே சொல்வார் இல்லை. தேர்வுக்குரிய கணக்குகளிலே பாதி அந்த வகுப்பிலே நடத்தப்படவே இல்லை. 2018-ஆம் ஆண்டு மாநகர ஆட்சியே வெளியிட்ட செய்தி இது: நகரத்திலே ஏறத்தாழ 600 நடுநிலைப் பள்ளிகள், அந்த எட்டுச் சிறப்புப் பள்ளிகளின் இடங்களிலே பாதியைப் பிடித்தவர்கள் வெறும் 21 நடுநிலைப் பள்ளிகளின் பிள்ளைகள்! எஞ்சிய பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மூளை இல்லையா? அந்தத் தாய் கேட்கும் கேள்வி இதுதான். 'என் மகன் ஓடவில்லை என்கிறீர்களே, ஓட்டப் பந்தயம் எங்கே நடக்கிறது என்று யாராவது அவனுக்குச் சொன்னீர்களா?'

ஆக, பாத்திரம் கழுவுபவர் ஒருபுறம், தரை துடைப்பவர் மறுபுறம். இருவரும் ஒரே பெஞ்சியிலே ஓர் இடத்துக்காக ஒருவர்மேல் ஒருவர் பகை கொள்ளும்படி ஆக்கப்பட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலே பிள்ளையைச் சேர்த்திருக்கும் கனவான்கள் இந்தச் சண்டையை மாடியிலிருந்து பார்க்கிறார்கள்.

மேயர் செய்த அறிவிப்பு

2018 சூன் திங்களில், அன்றைய மேயர் பில் டி பிளாசியோ ஒரு திட்டத்தை அறிவித்தார். தேர்வை ஒழிப்போம்; ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் வரிசையிலே நிற்கும் நூற்றுக்கு ஏழு பேருக்கு இடம் தருவோம் என்றார். நல்ல எண்ணம், நியாயமான அடிப்படை. எந்த வட்டாரப் பள்ளியிலும் முதல் மாணவன் முதல் மாணவன்தான் என்ற கருத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் வந்த முறை? சீனப் பெற்றோரை அழைத்துப் பேசினாரா? இல்லை. திட்டம் நிறைவேறினால் ஆசியப் பிள்ளைகளின் இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று கணக்கு வந்தது. இழக்கப்போகிறவனிடம் ஒரு சொல் கேட்காமல் மேடையிலிருந்து அறிவித்தால் அவன் என்ன செய்வான்? மாநகர மன்றத்தின் முன்னே திரண்டான். பதாகை பிடித்தான். கல்விப் பொறுப்பிலே இருந்த ரிச்சர்ட் கரான்சாவோ, இப்பள்ளிகள் எந்த ஓர் இனத்துக்கும் சொந்தமல்ல என்ற பொருள்படப் பேசி, எரிகிற தீயிலே எண்ணெய் வார்த்தார். (மேயரின் மகனே இதே எட்டில் ஒன்றான புரூக்ளின் டெக் பள்ளியிலே படித்துத் தேறியவர் என்பதை எதிர்ப்பாளர் எடுத்துக்காட்டத் தவறவில்லை.) இன்னொன்று. பழைய பள்ளிகள் மூன்றைத்தான் மாநிலச் சட்டம் பெயர் சொல்லிக் கட்டுகிறது. மற்ற ஐந்திலே நகர ஆட்சி தானே மாற்றம் செய்யலாம் என்று சட்டமறிந்தோர் பலர் எடுத்துரைத்தனர். மேயர் அதைத் தொடவில்லை.

மறுதரப்புக்கும் பணபலம் வந்து சேர்ந்தது. ஒப்பனைப் பொருள் வணிகத்திலே கோடி கோடியாகச் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ரொனால்டு லாடர், தேர்வைக் காப்பாற்ற 2019-ஆம் ஆண்டு இயக்கம் நடத்தப் பணம் கொடுத்தார். அவரும் பிராங்க்ஸ் அறிவியல் பள்ளியின் பழைய மாணவரே. ஏழைகளுக்கு இலவசப் பயிற்சி தருக, இன்னும் பல சிறப்புப் பள்ளிகளைத் திறக்குக என்றும் அந்த இயக்கம் கேட்டது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பாத்திரம் கழுவுபவரின் கண்ணீரைப் படம் பிடித்து விளம்பரம் செய்யக் கோடீசுவரர் வரும்போது நாம் சற்று எச்சரிக்கையோடு நிற்பதிலே தவறில்லை.

முடிவு என்ன? மாநிலத் தலைநகர் ஆல்பனியிலே மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் 2019-ஆம் ஆண்டு மடிந்தது.

இதே பாடம் மேற்குக் கரையிலும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரிலே 1856-ஆம் ஆண்டு தொடங்கிய லோவல் உயர்நிலைப் பள்ளியும் மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பொதுப் பள்ளிதான். பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2021 பிப்ரவரியில், கல்வி வாரியம் அந்த முறையை நீக்கிக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. பெற்றோர் கொதித்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் வாரிய உறுப்பினர் மூவரை வாக்காளர்கள் பதவியிலிருந்தே இறக்கினர். பள்ளி திறக்கத் தாமதமானது முதலிய பிற கோபங்களும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. 2022 சூனில் பழைய முறை திரும்பி வந்துவிட்டது. மக்களோடு பேசாமல் மக்களுக்காகச் செய்யப்புறப்பட்டவர்களுக்கு நேர்ந்த கதி இது. கட்சிப் பணியிலே இருப்போர் கவனிக்கத்தக்கது.

பிள்ளைகள் சொல்வது

பெரியவர்கள் இப்படி மோதிக்கொள்ள, உள்ளே படிக்கும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? அவர்கள் பேச்சு இன்னும் கூர்மை. அந்தச் சில கறுப்பின மாணவர்கள், வகுப்பிலே தம்மைப் போன்ற முகம் ஒன்றையும் காணாமல் நாள் முழுதும் இருப்பதன் தனிமையைச் சொல்கிறார்கள். அவர்களிலேயே சிலர் தேர்வு வேண்டும் என்கிறார்கள்: 'இத்தேர்வை எழுதி வந்த எங்களையே ஐயக்கண்ணோடு பார்ப்பவர்கள், தேர்வு இல்லாமல் வந்தால் என்னவெல்லாம் சொல்ல மாட்டார்கள்?' வேறு சிலர், எங்கள் தெருவிலே எங்களைவிட அறிவுள்ள பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்கிறார்கள். ஆசியப் பிள்ளைகளோ, எங்களை மனப்பாட எந்திரம் என்று பேசுவது ஏன் என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயமான வேதனையே.

மதிப்பெண், நட்பு, உறக்கம், இம்மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது ஸ்டைவசன்ட் மாணவரிடையே வழங்கும் சொல். வேடிக்கைப் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். 2012-ஆம் ஆண்டு, அதே பள்ளியிலே, அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அரசுத் தேர்வு விடைகளைக் கைப்பேசியிலே பகிர்ந்துகொண்டு பிடிபட்டார்கள். நகரத்திலேயே தலைசிறந்தோர் என்று பொறுக்கியெடுத்த பிள்ளைகள்! போட்டி ஒன்றையே ஊட்டி வளர்த்தால் அறிவாளிப் பிள்ளையும் இந்த இடத்துக்கு வந்து நிற்கும்.

தேர்வு முறை என்ன, கல்லிலே வெட்டியதா? 1904-ஆம் ஆண்டு ஸ்டைவசன்ட் தொடங்கியபோது அது ஆண்பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பள்ளி. நுழைவுத் தேர்வு பிற்பாடு வந்தது. 'திறமைக்கே இடம்' என்று மார்தட்டிய அந்தப் பள்ளி, அறுபத்தைந்து ஆண்டுகள் பெண்பிள்ளைகளை வாசற்படி ஏறவிடவில்லை! ஆலிஸ் டி ரிவேரா என்ற சிறுமி வழக்குமன்றம் ஏறிய பிறகே 1969-ஆம் ஆண்டு கதவு திறந்தது. அதுவரை பெண்ணுக்குத் திறமை இல்லாமலா இருந்தது? 1971-ஆம் ஆண்டு, இத்தேர்வு கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓரவஞ்சனை செய்கிறதா என்று ஆராய நகரக் கல்வித்துறை குழு அமைத்தது. குழு வேலையைத் தொடங்குமுன்னே மாநில சட்டமன்றம் ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டத்தை இயற்றித் தேர்வுக்கு அரண் கட்டிவிட்டது. ஆராய்ச்சிக்கு அஞ்சிய திறமை!

ஆயினும் நம்மைப் பெரிதும் சிந்திக்கவைப்பது இன்னொரு செய்தி. இதே தேர்வு இருந்த 1970-களின் நடுவிலே ஸ்டைவசன்ட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவுக்குக் கறுப்பின மாணவர் இருந்தனர். 1980-களின் தொடக்கத்திலே புரூக்ளின் டெக்கில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவர்களே. அந்நாளிலே ஏழை வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகளிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்புகள் நடந்தன. பிறகு 1975-ஆம் ஆண்டு நகரத்தின் கருவூலம் வற்றியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தனர். 1976-ஆம் ஆண்டு, அதுவரை இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பிந்திய ஆண்டுகளிலே அந்தத் தனி வகுப்புகள் ஏழை வட்டாரங்களிலே ஒவ்வொன்றாக மறைந்தன. வசதியுள்ள வட்டாரங்களிலே நிலைத்தன. அரசு விலகிய இடத்திலே தனிப்பயிற்சிக் கடைகள் முளைத்தன. கடன்பட்டேனும் அந்தக் கடையிலே வாங்கியவர் பிள்ளை உள்ளே போயிற்று. வாங்க வழியில்லாதவர், வழியே தெரியாதவர் பிள்ளை வெளியே நின்றது.

எனவே நாம் சொல்கிறோம்: ஒரு நாள் தேர்வை ஒரே வாசலாக வைத்தது அநீதி, அது மாற வேண்டும். ஆனால் அதை மாற்றப் புறப்படுவோர் பாத்திரம் கழுவுபவரைச் சீமானாக எண்ணிச் சீறினால் தோற்றே போவார்கள், தோற்றும் விட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இடத்தை இவருக்கா அவருக்கா என்று பங்கிட மேயருக்கு நேரம் இருந்தது. இடம் கிடைக்காத 22,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பள்ளிகளிலே ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்று பார்க்க அத்தனை ஆர்வம் காணோம்.

2026 சனவரி முதல் நாள் மேயர் பொறுப்பேற்ற சோரான் மம்தானி, அந்தத் தேர்வை எழுதி பிராங்க்ஸ் அறிவியல் பள்ளியிலே படித்தவர். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் ஆல்பனியிலே இருக்கிறது, அவரிடம் இல்லை. அந்த 600 நடுநிலைப் பள்ளிகள் நகரத்தின் பள்ளிகள்.