பழைய ஏடுகளில் ஒரு குடும்பத்தைத் தேடி

திருமணத்திற்கு நாள் குறித்த பிறகுதான் நம் குடும்பங்களில் பலருக்குத் திருமுழுக்குச் சான்றிதழின் நினைவு எழுகின்றது. "சாமி, அந்தப் பழைய புத்தகத்தில் எங்கள் தாத்தாவின் பெயர் இருக்குமா?" என்று கேட்டு வருவோரும் உண்டு, ஆயினும் அவர்கள் மிகச் சிலரே. ஏனையோர்க்கு அந்தத் தடித்த ஏடு குருவானவரின் அலமாரியில் இருக்கும் ஓர் அலுவலகப் பொருள், அவ்வளவே.

திருமுழுக்கையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கிலும் ஏட்டில் பதிய வேண்டுமென்று திரெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் கட்டளையிட்டது. அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, 1538-இல், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல் இங்கிலாந்தின் பங்குகளுக்கு இத்தகையதோர் ஆணையைப் பிறப்பித்திருந்தார். இன்று ஐரோப்பிய வம்சாவளியினர் தம் முன்னோரைத் தேடிச் செல்லும் பாதை, பெரும்பாலும் யாரோ ஒரு பங்குக் குரு மைக்கூட்டில் இறகைத் தோய்த்து எழுதிய ஒரு வரியில்தான் சென்று முடிகின்றது.

இத்தகைய ஏடுகளை உலகில் வேறு எவரினும் மிகுதியாகத் திரட்டியவர்கள் அமெரிக்காவின் மோர்மோன் சபையினர். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை அது. 1844-இல் அவர் ஒரு வன்முறைக் கும்பலால் கொலையுண்டார். பின்னர் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் அம்மக்கள் மேற்கு நோக்கி நடந்து, 1847-ஆம் ஆண்டு ஜூலையில், இன்றைய யூட்டா மாநிலத்திலுள்ள உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அன்று முதல் 1869-இல் இருப்புப்பாதை வந்து சேரும் வரை அங்கு குடியேறியோரை 'முன்னோடிகள்' என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

முன்னோரின் பெயர்களில் அவர்களுக்கு இத்துணை ஆர்வம் ஏன்? இறந்தோருக்காக உயிரோடிருப்பவர் திருமுழுக்குப் பெறலாம் என்பது அவர்தம் கொள்கை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அவர்கள் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று நம் திருச்சபை 2001-இல் தெளிவாக அறிவித்துள்ளது. பங்கு ஏடுகளைப் படமெடுக்க அவர்களுக்கு இடந்தர வேண்டாமென்று 2008-இல் வத்திக்கான் ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஆயினும், 1938 முதல் அவர்கள் ஏடுகளை நுண்படச் சுருள்களில் பிடித்து, கருங்கல் மலையைக் குடைந்த காப்பறையில் 24 லட்சம் சுருள்களைச் சேர்த்து, 2021-இல் அவை அனைத்தையும் கணினிப் படங்களாக மாற்றி முடித்தனர் என்பது வியப்புக்குரிய உழைப்பு. எம்மதத்தினரும் அதனால் பயனடைகின்றனர்.

பிறர் முன்னோரைத் தேடும் இம்மக்கள் தம் சொந்த முன்னோடிகளைத் தேடும்போது எதைக் காண்கின்றனர்? ஒரே ஒரு குடும்பத்தைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஆஸ்டன் ரோவண்ட் என்னும் சிற்றூர். அங்கே ஒரு செல்வந்தரின் மாளிகைத் தோட்டத்தில் ஜேம்ஸ் லோடர் என்பவர் தலைமைத் தோட்டக்காரராக நெடுங்காலம் பணிபுரிந்தார். மனைவி பெயர் ஏமி. பிள்ளைகள் பலர்; அவர்களுள் 1827-இல் பிறந்த பேஷன்ஸ் என்னும் மகளும், சில்பா என்னும் மகளும் நம் கதைக்கு வேண்டியவர்கள். இங்கிலாந்தில் 1813 முதல், திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் தொழிலையும் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆகவே தோட்டக்காரர், தச்சர், கூலியாள் என்று எளியோரையும் அந்த ஏடுகளில் இனங்காண முடிகின்றது. 1841-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு சற்று ஏமாற்றும்: பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினர், 39 வயதினர் அதில் 35 ஆகிவிடுவார். 1851-ஆம் ஆண்டுக் கணக்கிலோ சரியான வயதும், உறவுமுறையும், பிறந்த ஊரும் இருக்கும். முன்னோரைத் தேடுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்தே படிப்பர்.

சில்பாவை மணந்தவர் ஜான் ஜேக்ஸ். லிவர்பூல் நகரில் மோர்மோன்கள் நடத்திய 'மில்லெனியல் ஸ்டார்' என்னும் இதழின் அலுவலகத்தில் பணியாற்றியவர், எழுத்தில் வல்லவர். லோடர் குடும்பத்தார் 1855 டிசம்பரில் லிவர்பூலில் கப்பலேறி, புயலில் அலைக்கழிந்து, 1856 பிப்ரவரியில் நியூயார்க்கை அடைந்தனர். அங்கிருந்து எருது பூட்டிய வண்டியில் மேற்கே செல்லலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. ஆனால் சபையிடம் பணம் குறைந்துவிட்டது. லிவர்பூலிலிருந்து உப்பு ஏரி நகர் வரை ஒருவருக்கு 9 பவுன் செலவில் முடிக்கும் பொருட்டுப் புதிய திட்டமொன்று வகுக்கப்பட்டிருந்தது. பொருள்களைக் கைவண்டியில் ஏற்றி, மக்களே இழுத்துக்கொண்டு, 1,300 மைல் நடக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு அனுமதித்த சுமை 17 பவுண்டு மட்டுமே.

பேஷன்ஸ் தம் சகோதரியின் கணவருக்குக் கடிதம் எழுதினார். தம் தாயால் அத்தனை தூரம் நடக்க இயலாது. இத்திட்டம் எங்களுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை என்பதே அதன் சாரம். வீட்டுக்குள் எழுதிக்கொள்ளும் கடிதம்தானே? ஜேக்ஸ் அதற்கு விசுவாசக் குறைவென்று கடிந்து நீண்டதொரு பதில் எழுதினார். அத்தோடு நின்றிருந்தால் அது குடும்பத்துக்குள் முடிந்திருக்கும். 1856 ஜூனில் இரு கடிதங்களும் மில்லெனியல் ஸ்டார் இதழில், எல்லோரும் படிக்கும்படி, அச்சாகி வெளிவந்தன!

அதை அறிந்த தந்தை ஜேம்ஸ் லோடர் மனம் புண்பட்டார். தாம் பின்வாங்குகிறவர் அல்லர் என்றும், வழியிலே சாக நேர்ந்தாலும் கைவண்டியை இழுத்தே தீருவதென்றும் அவர் கூறியதாக மகள் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அச்சேறிய சொல்லுக்கு எத்தகைய வலிமை உண்டென்பதை, எழுதுகிற நாங்கள் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

அவர்கள் சேர்ந்தது எட்வர்ட் மார்ட்டின் என்பவர் தலைமையிலான கூட்டம். ஜேக்ஸ் தம்பதியரும் வேறொரு கப்பலில் வந்து அதே கூட்டத்தில் இணைந்தனர். அவ்வாண்டு ஜூலை இறுதியில் அயோவா நகரிலிருந்து புறப்பட்டனர். அது மிகவும் காலங்கடந்த புறப்பாடு. ஆகஸ்டில், வழியிலேயே, சில்பாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. செப்டம்பரில் ஜேம்ஸ் லோடரின் உடல் தளர்ந்தது. வயிற்றுப்போக்கால் நலிந்தும் வண்டியை விடவில்லை. செப்டம்பர் 27 அன்று, இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள ஆஷ் ஹாலோ என்னுமிடத்தில், 57-ஆம் வயதில் இறந்தார். பெட்டி கிடையாது, ஒரு போர்வையில் சுற்றிப் புதைத்தனர்.

இந்த மரணத்திற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, பேஷன்ஸ் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகள். தந்தையின் கடைசிச் சொற்கள், மண் விழுந்த ஓசை, தாயின் கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. மற்றொன்று, ஜான் ஜேக்ஸ் அன்றன்று எழுதிய நாட்குறிப்பு. நாள், இடம், நோய், வயது என எல்லாம் சில சொற்களில் முடிந்துவிடும். அச்சிட்ட கடிதத்தைப் பற்றி மருமகன் அன்றிரவு என்ன நினைத்தார் என்பதை அந்த வறண்ட வரிகள் நமக்குச் சொல்லப்போவதில்லை. ஆயினும் மகளின் கண்ணீரில் மங்கிய நாளையும் இடத்தையும் உறுதிப்படுத்துவது அவ்வரிகளே. ஜேக்ஸின் சந்ததியார் இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போது, அந்தக் கடிதத்தை எழுதியவரும் தம் பாட்டனார், அதனால் நொந்தவரும் தம் பாட்டனார் என்பதைக் காண்கின்றனர்.

எஞ்சியதைச் சுருக்கிச் சொல்லலாம். அக்டோபர் நடுவில், இழுக்க வலுவின்றி, சுமையைப் பெரியவருக்கு 10 பவுண்டாகக் குறைத்தனர். போர்வைகளும் உடைகளும் எரிக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று, பிளாட் ஆற்றை இறங்கிக் கடந்தபோது பனிப்புயல் தொடங்கிற்று. ஒரு நாள் காலை, குளிரில் எழ மனமின்றிப் பெண்மக்கள் படுத்திருக்க, கணவரை இழந்த ஏமி, "நான் ஆடிக் காட்டுகிறேன்" என்று பனியில் ஆடத் தொடங்கி, வேண்டுமென்றே கால் தவறி விழுந்தாராம். அம்மாவுக்கு அடிபட்டதென்று அஞ்சி மக்கள் துள்ளியெழுந்தனர். அவர் விரும்பியதும் அதுவே! ஊருக்கு எட்டிவிடும் தொலைவில், நவம்பர் இறுதியில், சில்பாவின் மூத்த மகள் ஃபுளோரா இறந்தாள். பாதையில் பிறந்த கைக்குழந்தையோ பிழைத்துக்கொண்டது. நவம்பர் 30 அன்று கூட்டம் நகரை அடைந்தது. இக்கூட்டத்திலும், இதற்குச் சற்று முன்னே சென்ற மற்றொரு கூட்டத்திலும் சேர்த்து 200 பேருக்கு மேல் மாண்டனர். 1856 முதல் 1860 வரை சென்ற பத்துக் கைவண்டிக் கூட்டங்களில் ஏனைய எட்டும் இத்தகைய பேரழிவின்றியே போய்ச் சேர்ந்தன என்பதையும் நியாயத்திற்காகக் கூற வேண்டும்.

இக்கூட்டத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதையைத்தான் ஏடுகள் சோதித்தன. நவம்பர் 4 அன்று ஸ்வீட்வாட்டர் என்னும் ஆற்றங்கரையில் மக்கள் சோர்ந்து நின்றபோது, உதவிக்கு வந்த 18 வயது இளைஞர் மூவர், பனிக்கட்டி மிதந்த நீரில் இறங்கி, அனைவரையும் சுமந்து அக்கரை சேர்த்தனர். அந்தக் குளிரின் விளைவாகவே மூவரும் பின்னர் மாண்டனர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். மறையுரைகளில் இத்தகைய கதைகள் எவ்வளவு உதவும் என்பது எனக்குத் தெரியும்! 2006-இல் சாட் ஆர்ட்டன் என்னும் மோர்மோன் வரலாற்றாசிரியரே அன்றைய நாட்குறிப்புகளையும் நினைவுக் குறிப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சுமந்தவர்கள் மூவர் மட்டுமல்லர். எல்லோரையும் அவர்கள் சுமக்கவுமில்லை. பலர் தாமே இறங்கி நடந்தனர். மூவரில் ஒருவருக்கு 17 வயது. இன்னொருவர் இருபதைக் கடந்தவர். ஜார்ஜ் கிராண்ட் 1872 வரையும், டேவிட் கிம்பல் 1883 வரையும், ஆலன் ஹண்டிங்டன் 1896 வரையும் உயிரோடிருந்தனர்.

அங்கிருந்து அதைக் கண்ட பேஷன்ஸும் இதைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தரும் பெயர்களும் கதையின் பெயர்களும் முற்றும் ஒத்துப்போகவில்லை. நீண்ட காலம் கழித்து எழுதியதல்லவா? ஆனால் நாள் முழுதும் நீரில் நின்ற கிம்பல் என்பவர் விறைத்துப்போய்த் தூக்கிச் செல்லப்பட்டதையும், பின்னாளில் முடக்குவாதத்தால் அவதியுற்றதையும் குறிப்பிடுகிறார். நன்றி சொல்லவும் அவர்கள் இடந்தரவில்லையாம். மூவரும் மடியாவிட்டால் இந்தச் செயல் சிறுத்துவிடுமா என்ன?

பேஷன்ஸின் பிற்கால வாழ்வு ஏடுகளைத் தேடுவோருக்கு வேறொரு சோதனை. 1857-இல் அமெரிக்க அரசு யூட்டாவுக்கு அனுப்பிய படையில் ஹங்கேரி நாட்டவரான ஜான் ரோஜா என்ற வீரர் இருந்தார். இவரைப் பேஷன்ஸ் 1858-இல் மணந்தார். தோட்டக்காரரின் மகள் மணந்தவரின் பெயருக்கு ஹங்கேரிய மொழியிலும் ரோஜா மலர் என்றே பொருள். அம்மொழி அறியாத எழுத்தர்கள் இத்தகைய பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிவைப்பர். தேடுவோர் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். நம் பங்கு ஏடுகளில் ஒரே குடும்பத்தில் அண்ணன் சவேரி என்றும் தம்பி சேவியர் என்றும் இருக்கக் காண்பவர்களுக்கு இது புதிதன்று. அந்நாட்டுப் படைச் சேர்க்கை ஏட்டில் பிறந்த நாடு, வயது, உயரம், கண்ணின் நிறம் முதலியன இருக்கும்; புகைப்படமில்லாக் குடும்பத்துக்கு அது ஒரு சித்திரம். உள்நாட்டுப் போருக்குப் பின் யூட்டாவுக்குத் திரும்பும் வழியில், 1866-இல், அவர் காலமானார். மீண்டும் ஒரு முறை அதே சமவெளி இவர்கள் வீட்டில் ஒருவரை எடுத்துக்கொண்டது. பேஷன்ஸ் ஒரு சுரங்க முகாமில் சமையல் செய்து பிள்ளைகளை வளர்த்தார். தொண்ணூறு வயதையும் கடந்து வாழ்ந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 2006-இல்தான் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டன.

ஜான் ஜேக்ஸ் பிற்காலத்தில் சபையின் துணை வரலாற்றாளராக, ஏடுகளின் காவலராகவே அமர்ந்தார். அதற்கு முன், 1878 டிசம்பரிலும் 1879 ஜனவரியிலும், உப்பு ஏரி நகரின் நாளிதழொன்றில் மார்ட்டின் கூட்டத்தின் துயரங்களைத் தொடர் கட்டுரையாக எழுதினார். குடியேறியோர் பலர் சபையின் பயண நிதியில் கடன் பெற்றே வந்தவர்கள். கடனாளிகளின் பெயர்களும் ஜாமீன் நின்றோரின் பெயர்களும் 1877-இல் ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டிருந்தன. இந்தக் கூட்டத்தில் வந்தவர்கள் தரவேண்டிய கடன் ஏதேனும் மீதியிருப்பின், அதைத் தள்ளுபடி செய்வது நற்செயல் ஆகாதோ என்று ஜேக்ஸ் அந்தக் கட்டுரையில் கேட்டார். மறு ஆண்டு, 1880, சபைக்கு 50-ஆம் ஆண்டு. பழைய ஏற்பாட்டின் ஜூபிலி முறையைப் பின்பற்றி, அவ்வாண்டில் ஏழைகளின் கடனில் பாதியை நிதி தள்ளுபடி செய்தது.

1877-ஆம் ஆண்டின் அந்தக் கடனாளிப் புத்தகத்தை முன்னோரைத் தேடுவோர் இன்றும் புரட்டுகின்றனர். யார் யாருக்காக ஜாமீன் நின்றார் என்பதை அறிய அது உதவுகின்றது.