பிள்ளையின் தேவையை அறிவது எப்படி?

பேச்சுப் பிந்துதல், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுதல், வகுப்பில் ஓரிடத்தில் இராமை: இவற்றைக் கண்டும் 'வளர வளரச் சரிவரும்' என நம்மவர் பலர் பொறுத்திருந்துவிடுகின்றனர். நாலு பேர் அறிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் உண்டு. காலம் கடந்தால் நட்டம் பிள்ளைக்கே.

இங்கிலாந்தின் அரசாங்கப் பாடசாலைகளில் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் பேசுதல் நன்று. செவியையும் கண்ணையும் சோதிப்பித்தலும் அவசியம். காது மந்தம் சிலவேளை கவனமின்மை போலத் தோன்றும்.

பாடசாலை தரும் உதவி போதாதெனில், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரே உள்ளூராட்சிச் சபைக்கு எழுதி முழு மதிப்பீடு கோரலாம். சபை 6 வாரங்களுள் முடிவு கூறவேண்டும். உதவித் திட்டம் வழங்குவதாயின் 20 வாரங்களுள் வழங்கவேண்டும். கல்வி உளவியலாளர், வைத்தியர், ஆசிரியர் ஆகியோருடன் பெற்றோரின் கருத்தும் கேட்கப்படும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம்.

வீட்டுமொழி வேறு என்பதற்காக மட்டும் பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டெனக் கொள்ளலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே வீட்டில் தமிழை நிறுத்தவேண்டியதில்லை. பிள்ளை தமிழில் எவ்வளவு பேசுகிறது, எதை விளங்கிக்கொள்கிறது என்பதைக் குறித்துவைத்து மதிப்பீட்டாளரிடம் கூறுங்கள். தமிழிலும் திணறுமாயின், ஆங்கிலம் பழகாததே காரணமென்று இருந்துவிடாதீர்கள்.